வெள்ளைக்குப் போட்ட நீலம்

"யாருங்க இத்தத் தொட்டது?"

மொட்டைமாடிக் கொட்டகையிலிருந்து ரெஜினா போட்ட சத்தத்தில், குளித்துக்கொண்டிருந்த அவள் கணவர் ஜெரோம் காதில் சோப்பு நுரையோடு படியேறி ஓடி வந்தார். அவளுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள் காலை அது. அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்து நின்றாள்.

"ஷீட்ட மாத்தி வச்சிக்கீறாங்க. பாருங்க."

"பூட்டின ரூம்புல யாரு வந்து மாத்துவா? மொதல்ல கண்ணாடியப் போடு. வெய்யில்ல நிக்காதன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு இல்ல."

கொட்டகையில் நின்ற, கதவளவு உயரமான இரும்புச் சட்டத்துக்குள் முக்கோணமாகவும் பட்டையாகவும் அறுத்த வண்ண அக்ரிலிக் தகடுகள் அடுக்கடுக்காக நின்றன. செங்கல்பட்டின் காலை வெயில் அவற்றுக்குள் புகுந்து எதிர்ச் சுவரில் விழும். சட்டம் அவளுக்கு வெறும் கருவிதான். சுவரில் விழுவதுதான் அவளுடைய படைப்பு. விளிம்பில் அழுத்தமாகத் தொடங்கும் சிவப்பும் பச்சையும் உள்ளே வரவர மெலிந்து, நடுவில் வெள்ளையாகிவிட வேண்டும். நாலு வருடமாக அந்த ஒரு வெள்ளைக்காகத்தான் அவள் மல்லுக்கட்டினாள். நடுவில் நிறமற்ற தகட்டை வைத்தால் மஞ்சளடித்தது. கொஞ்சம் நீலம் சேர்த்தாள். அப்போதும் மஞ்சள். இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். ஒவ்வொரு வருடமும் நீலம் கூடிக்கொண்டே போய், ஒருவழியாக வெள்ளை வந்து சேர்ந்தது.

இப்போது சுவரில் நடுவில் நின்றது வெள்ளை இல்லை. பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்படியான நீலம். வலது கண்ணைக் கையால் பொத்தினாள். வெள்ளை அங்கேயே இருந்தது. கையை எடுத்தாள். நீலம். யாரும் எதையும் மாற்றவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த மஞ்சள், தகட்டில் இல்லை, வெயிலிலும் இல்லை. அவள் கண்ணில் விழுந்த புரைக்குள் இருந்திருக்கிறது.

மாமல்லபுரத்தில் கலைக்கூடம் நடத்தும் பிரதீபா, அவளுடைய வேலையை முதன்முதலில் பார்த்ததுமே "எப்பேர்ப்பட்ட நீலம் மேடம்!" என்றுதான் வாயைப் பிளந்தாள். பத்திரிகையில் எழுதியவர் கடற்கரைக்காரியின் ரத்தத்தில் ஊறிய கடல் என்று எழுதினார். அவள் பிறந்தது சிங்கப்பெருமாள் கோயில் பக்கம்; பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான் முதலில் கடலைப் பார்த்தாள். "கடலும் இல்ல, நீலமும் இல்ல, அது வெள்ளை" என்று கேட்டவரிடமெல்லாம் சண்டை போட்டாள். கலைஞர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று அதையும் பாராட்டாகச் சேர்த்து எழுதினார்கள். இவர்களுக்கெல்லாம் கண் இருந்தும் என்ன பிரயோஜனம் என்று அவள் பரிதாபப்பட்டிருக்கிறாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே பேஜார். குனியாதே, கனம் தூக்காதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் திருகாணிகளைக் கழற்றி நீலத் தகடுகளை உருவினாள். நிறமில்லாத தகடுகளை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். சொட்டு மருந்து விடுவதற்குக்கூட ஜெரோம் மாடிக்கு வர வேண்டியிருந்தது.

"கண்ணு தெரிஞ்சா மன்ஷன் சந்தோஷப்படுவான். நீ இன்னாடான்னா எழவு வூடு கணக்கா ஒக்காந்துகினு கீற."

"நாலு வருசமா இன்னா பண்ணினு இருந்தேன்னு எனக்கே தெரியலங்க."

"அடுத்த மாசம் அந்தக் கண்ணையும் பண்ணிட்டா எல்லாம் சரியாப் பூடும்."

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இடது கண்ணையும் சரிசெய்துவிட்டால், அவள் உண்டாக்கிய வெள்ளையைப் பார்க்க இந்த உலகத்தில் ஒரு கண்ணும் மிஞ்சாது. வேறு யாரும் அதைப் பார்த்ததே இல்லை. சொட்டு மருந்து கன்னத்தில் வழிய மேலே பார்த்தபடியே இருந்தாள்.

பிரதீபாவின் கலைக்கூடத்தில் அவளுடைய கண்காட்சி தொடங்குவதற்கு முந்தின நாள், சிறுசேரி கம்பெனி பஸ்ஸை ஓட்டிக் காலை டிரிப்பை முடித்துவிட்டு வந்த ஜெரோம், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஒரு லோடு ஆட்டோவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தார். சட்டத்தைப் பழைய போர்வையில் சுற்றி, திருக்கழுக்குன்றம் வழியாக மெதுவாக ஓட்டிப்போனார். கலைக்கூடத்துக்குள் நுழைந்ததும் ரெஜினா நின்றுவிட்டாள். முன்பே அனுப்பிய எல்லாப் படைப்புகளும் வரிசையாக நின்று, நாலு சுவரிலும் நீலத்தைக் கொட்டிக்கொண்டிருந்தன. வாசலில் பெரிய எழுத்தில் கண்காட்சியின் பெயரே 'நீலம்'.

கொண்டுவந்ததைப் பிரதீபா வெயில் வரும் சன்னலருகே நிறுத்தச் சொன்னாள். வெகுநேரம் சுவரைப் பார்த்தாள்.

"எங்க போச்சு மேடம்?"

"எது?"

"நீலம்."

"இப்பத்தான் அது வெள்ளையா இருக்கு."

"சுவத்துல நடுவுல ஒண்ணுமே விழலியே. வெறும் வெயிலு மாதிரி இருக்கு." பிரதீபாவின் குரல் தாழ்ந்தது. "பழைய ஷீட்டையே போட்டுக் குடுத்துடுங்களேன். இல்லன்னா இது மட்டும் இந்தத் தடவ வேணாம்."

"மத்ததையும் எடுத்துடு. எல்லாமே தப்பு. என் கண்ணு பண்ண தப்பு."

பிரதீபா நீலம் கொட்டிய சட்டங்களின் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "எங்கப்பா செத்துப்போன வருசம், இதுங்க முன்னாடிதான் மேடம் உக்காந்து அழுதேன். அதுவும் தப்பா?"

ரெஜினாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சட்டென்று ஜெரோம் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. அந்த சுவத்துல இருக்கறது இன்னா கலரு?"

"நீலம்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவும் நீலந்தான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ வெள்ளைன்ன. உங்க ஆர்ட்டுல வெள்ளைன்னா இப்டித்தான் இருக்கும் போலன்னு நென்ச்சிகினேன்." அவர் தயங்கி, தன் சட்டைக் காலரைத் தொட்டுக்கொண்டார். "இதையும்தான் நாலு வருசமா மஞ்சளாக் கீது, மஞ்சளாக் கீதுன்னு சொட்டு நீலத்த ஊத்தி ஊத்தித் தோய்ச்ச. டிரைவருங்க எல்லாம் 'நீலச்சட்ட'ன்னுதான் என்னியக் கூப்ட்றானுங்க."

இந்த வாரம் முழுக்க அவரை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாள். நீலம் படாத வெள்ளைச் சுவர் ஓரமாக நின்ற அவருடைய வெள்ளை யூனிஃபார்ம், தோளிலிருந்து கைமடிப்பு வரை திட்டுத்திட்டாக நீலம் பாரித்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலரைச் சரிசெய்துவிட்டுப் பிரதீபா பக்கம் திரும்பினாள்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும் பிரதீபா. பேரும் அதே இருக்கட்டும்" என்றாள். "இத நான் எடுத்துட்டுப் போறேன்."

"சாயங்காலம் வரைக்கும் யோசிச்சுப் பாருங்க மேடம்."

"பழைய ஷீட்ட என்னால போட முடியாதும்மா."

வெளியே மணலில் லோடு ஆட்டோவின் பக்கத்தில், ஒரு சவுக்கு மரத்தில் சட்டத்தைச் சாய்த்து வைத்தார்கள். கடற்காற்றில் போர்வை பறந்து பறந்து போக்குக் காட்டியது. மேற்கே சாயத் தொடங்கிய வெயில் தகடுகளுக்குள் நுழைந்து மணலில் விழுந்தது. விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோடு, அதை ஒட்டிப் பச்சை, பிறகு அதுவும் கரைந்து நடுவில் ஒன்றுமில்லை. மணல், ஒரு சிப்பித்துண்டு, வெயில், அவ்வளவுதான். ரெஜினா எந்தக் கண்ணையும் பொத்தாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கயிறு முன்சீட்டுல கீது. இரு, எட்த்துகினு வரேன்" என்றார் ஜெரோம்.

வண்டிக்குப் போகிற நேர்வழி அந்த வெளிச்சத்தின் நடுவாகத்தான் போனது. அவர் அதன் ஓரத்தில் ஒரு கணம் நின்றார். பிறகு செருப்பு படாமல், கோலத்தைச் சுற்றிக்கொண்டு போவதைப்போல, அந்த ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.