பதினாறாவது படம்

யாக்கிமாப் பள்ளத்தாக்கில் ஆப்பிள் பறிக்க வந்தவர்களின் பிள்ளைகளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விட்டவர் என்று ஹசிந்தோவுக்குப் பெயர். பேச்சிலும் சூரர். அவர் பேசிய ஒரு கூட்டத்துக்கு நிறைமாதமாக வந்தவள் கைக்குழந்தையோடு வீடு திரும்பினாள். அந்தக் குழந்தை இப்போது தபால் ஆபீசில் வேலை பார்க்கிறது.

அந்த வருஷம் நூலகமும் கல்லூரியும் மாதா கோயிலும் கூட்டுச் சேர்ந்து, இறந்தோர் நாளுக்கு நூலகத்தில் படையல் மேடை போட்டன. ஊருக்கு உழைத்தவர்களின் படங்கள் பதினாறைக் கல்லூரி அனுப்பியது. நூலகத்துக்குப் புதிதாக வந்திருந்த பெலென், அத்தனைக்கும் செண்டுமல்லி சுற்றி மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள். பதினைந்து பேர் இறந்திருந்தார்கள். பதினாறாவது ஹசிந்தோ.

மறுநாள் காலையில் பேப்பர் படிக்க வந்தவரைப் பார்த்ததும், படத்தில் இருப்பவர் இவர்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஏணி எடுக்க ஓடினாள்.

“இருக்கட்டும் விடும்மா. செத்தவனுக்கு என்ன அவசரம்?” என்றார்.

அவர் மனசுக்குள் ஓடியது வேறு. மகள் ஒலிவா கேள்விப்பட்டால் வருவாள்.

பதினோரு வருஷத்துக்கு முன், இதே மூன்று இடங்களும் சேர்ந்து கொடுத்த படிப்பு உதவித்தொகைக்குத் தேர்வுக்குழுத் தலைவர் அவர்தான். மதிப்பெண்ணில் முதலாவதாக நின்றவள் ஒலிவா. சொந்த மகளுக்கே கொடுத்துக்கொண்டான் என்று யாரும் வாய் திறக்கக் கூடாதென, அவள் பெயரைத் தன் கையாலேயே அடித்தார். ஊரே எழுந்து நின்று கைதட்டியது. ஒலிவா தட்டவில்லை. சியாட்டிலுக்குப் போய் ஓட்டல் அறைகளைப் பெருக்கினாள். ஞாயிறுதோறும் அவர் போன் செய்வார். அவள் எடுத்ததே இல்லை.

தான் சாகவில்லை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம் என ஊரைக் கேட்டுக்கொண்டார். ஊர் நன்றாகவே ஒத்துழைத்தது. எதிர்ப்பட்டவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு விலகிப் போனார்கள். இறந்தவர்களுக்கு வெட்டுவதில்லை என்று முடிவெட்டுகிறவர் திருப்பி அனுப்பினார். சதுரங்கக் கூட்டாளி இரண்டு பக்கமும் தானே ஆடி, எப்போதும்போல் தோற்றார். தன் படத்துக்குப் படைத்த சோளமாவுத் தமாலை ஹசிந்தோ தானே எடுத்துச் சாப்பிட்டார். உப்புக் குறைவு, யாரிடம் சொல்வது?

ஒலிவாவோடு இன்னும் பேச்சுவார்த்தை வைத்திருந்தவன் அவளுடைய அத்தை மகன் மட்டுந்தான். அவனும் பொய் சொல்லவில்லை. படையலைப் படம் பிடித்து அனுப்பினான், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் சாயங்காலம், ஓட்டல் சீருடையைக்கூட மாற்றாமல், பஸ்ஸில் வந்து இறங்கினாள். நூலக வாசலில் அவளைக் கண்டதும் ஹசிந்தோ அகராதி அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அவள் அவர் படத்துக்கு முன்னால் காகிதக் கோப்பையில் காபி வைத்தாள். படத்தைப் பார்த்துப் பேசினாள்.

“போனை எடுத்திருக்கலாம்ப்பா. எடுத்தா அழுதுருவேன்னுதான் எடுக்கல. தப்பு பண்ணிட்டேன்னு ஒரு தடவை நீ சொல்லுவியான்னு பாத்தேன். இப்ப யார்கிட்டப் போய்ச் சண்டை போடுறது?”

தோளெல்லாம் குலுங்க அழுதாள். அவர் அங்கேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் எந்தக் கூட்டத்திலும் பேசாமல் இருந்து பழக்கமில்லாதவர்.

“தப்பு பண்ணிட்டேன்மா,” என்று வெளியே வந்தார்.

ஒலிவா அவரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள்.

“இதுக்கும் ஊரே கைதட்டியிருக்குமே,” என்றாள். கதவுவரை போய்த் திரும்பினாள். “நிஜமா போறப்ப சொல்லி அனுப்பாதீங்க. நான் வந்துட்டேன். அழுதும் முடிச்சிட்டேன்.”

வெளியே பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.

பெலென் ஏணியோடு வந்து, படத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். ஹசிந்தோ படையலருகே போனார். காபிக் கோப்பையைக் கையில் எடுத்தார். ஆறிப்போயிருந்தது. மூன்று கரண்டிச் சர்க்கரை, அந்தக் காலத்தில் அவர் குடித்த கணக்கு. வைத்தியர் சொல்லிச் சர்க்கரையை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அதை அவளுக்கு யார் சொல்லியிருக்கப்போகிறார்கள்?

கடைசிச் சொட்டுவரை குடித்தார்.