உயிரோடு இருப்பவளுக்குத் துக்கப்பாட்டு

1

இந்தக் கதை ஒரு பலகைச் சுவரின் வழியாக என் காதில் விழுந்தது. வடகிழக்கு மூலையில், ஐசால் மலைச்சரிவில் ஒரு பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த அறை பாட்டு அறை. ஒட்டுக்கேட்டதை எழுதுவது அழகல்ல. எழுதாமல் நான்கு வருடம் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாட்டு ஆசிரியை தன்பாரியின் கண்களில் எப்போதும் ஒரு மெல்லிய சோகம்...'

பொய். அவள் கண்களில் தூக்கம்தான் இருக்கும். மூன்று பாட்டுக்குழுக்களை மேய்ப்பவள்.

இரண்டாவது தொடக்கம்: புதன்கிழமை கடைசிப் பாடவேளையைத் தன்பாரி தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கினாள். மனசு சரியில்லாத பிள்ளை ஒரு பாட்டின் பெயரைச் சொன்னால் போதும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. வகுப்பே சேர்ந்து அதைப் பாடும். எந்தப் பாட்டானாலும் பாடுவோம் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

(இதையே வைத்துக்கொள்கிறேன். அந்த வாக்குதான் அவளை மாட்டிவிட்டது.)

2

மால்சோமிக்குப் பன்னிரண்டு வயது. ஐந்து புதன்கிழமைகள் "வேண்டாம் மிஸ்" என்று மட்டும் சொன்னாள். ஆறாவது புதன் ஒரு பாட்டின் பெயரைச் சொன்னாள். அது சாவு வீட்டில் பாடும் பாட்டு.*

"அய்யோ, யாரு வீட்டுல?" கேட்கக்கூடாது என்ற தன் விதியைத் தன்பாரியே மறந்துவிட்டாள்.

"யாரும் சாகல மிஸ்."

"அப்புறம் எதுக்குடி அது? வேற சொல்லு கண்ணு."

"எங்கம்மா போய்ட்டாங்க. வேற ஒருத்தரோட. சில்சார்ல இருக்காங்களாம்."

பின்வரிசையில் கிசுகிசுப்பு.

"செத்திருந்தா எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்திருப்பீங்க. பாடியிருப்பீங்க. இப்ப ஒருத்தரும் வரல. அப்பா கதவையே தொறக்கறதில்ல."

* இங்கே சாவு விழுந்த வீட்டில் அக்கம்பக்கமே மாலையில் கூடும். முரசு தட்டிப் பாடும், தேநீர் குடிக்கும், மறுநாளும் வரும். திருநெல்வேலியில் என் அம்மா இறந்தபோது மண்சரிவில் சாலை அடைபட்டு நான் இங்கேயே மாட்டிக்கொண்டேன். என் வாடகை அறைக்கும் வந்தார்கள். மூன்று மாலை, முப்பது பேர். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கியது என்றால் அது அவர்களால்தான்.

3

தன்பாரிக்கு இரண்டு பக்கமும் இடி. உயிரோடு இருப்பவளுக்கு அந்தப் பாட்டைப் பாடினால் அவளைச் சாகடித்ததற்குச் சமம். அப்பாக்காரன் பள்ளிக்கு வந்து கத்துவான், ஊர் பேசும். பாடாவிட்டால், அந்த வீட்டுப் படியேறாத ஊரில் அவளும் ஒருத்தி ஆகிவிடுவாள்.

(இங்கே அவளுக்கு ஒரு கனவுக் காட்சி எழுதி, கிழித்துப் போட்டேன். அவள் கனவு காணவில்லை. நேரே என் வகுப்பறை வாசலுக்கு வந்து நின்றாள்.)

"சார், ஒரு உதவி."

"சொல்லுங்க மிஸ்."

"நாங்க ஆரம்பிச்சா தப்பாயிடும். நீங்க வெளியூர்க்காரர், உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. முதல் அடிய எடுத்துக் குடுங்க. பின்னால நாங்க சேந்துக்கறோம்."

"நானா? என் குரலக் கேட்டா புள்ளைங்க உருண்டு சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. இங்க கழுதைகூட சுதியோட கத்தும், நீங்க ஒருத்தர்தான் சுதி தப்புவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? உங்கம்மாவுக்கு நாங்கதான சார் பாடினோம்?"

4

முடிவு ஒன்று: நான் எழுந்து போகிறேன். சுண்ணாம்புக் கையோடு, சுதி தப்பி, திருநெல்வேலி நாக்கில் முதல் அடியைப் பாடுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், மால்சோமியும் சிரிக்கிறாள். பிறகு முப்பது குரல்கள் மேலும் கீழுமாக நான்கு பிரிவாகச் சேர்ந்துகொள்ள, அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து...

[நடக்கவில்லை.]

முடிவு இரண்டு: அம்மாக்காரி திரும்பி

[வரவில்லை. எனக்கே வெட்கமாக இருக்கிறது.]

(என் மனைவி என்னை விட்டுப் போனதும் இங்கேதான். அப்போது என் அறைக்கு யாரும் வரவில்லை. இந்த வரியை முந்தைய நான்கு பிரதிகளில் அடித்துவிட்டேன். இதில் இருக்கட்டும். மால்சோமி சொன்னது எனக்கு எவ்வளவு நன்றாகப் புரிந்தது என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.)

5

"அடுத்த புதன் பாக்கலாம் மிஸ், போர்டுல கணக்கு பாதியில நிக்குது" என்றேன்.

தன்பாரி "சரி சார்" என்று போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ அறுவடைப் பாட்டு கேட்டது. குரல்களில் ஒன்று குறைந்தது. அதைக் கண்டுபிடிக்கச் சங்கீத ஞானம் வேண்டியதில்லை.

அடுத்த புதன் மால்சோமி எந்தப் பாட்டும் கேட்கவில்லை. அதற்கடுத்த புதனும். பள்ளி முடித்துப் போகும்வரை கேட்கவேயில்லை.

முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடலாம் என்றுதான் இப்படி எண்களும் அடைப்புக்குறிகளுமாக எழுதத் தொடங்கினேன். நல்ல உத்தி. ஆனால் தரமாட்டேன். தன்பாரி வந்து நின்றது உங்கள் வாசலில் இல்லை. அம்மாவுக்குப் பாடிய அந்தப் பாட்டு எனக்கு முழுதும் தெரியும்.