டிக்கியில் வந்து சேர்ந்தவை

கடலோரச் சாலையில் இருக்கும் ஏழு பழைய ஊர்களை ஆறு நாளில் சுற்றிக்காட்டும் வேனின் டிக்கியில், முதல் நாள் பகல் பதினொன்றரை மணிக்கு, யாரும் வைக்காத மீன் குடல் அரைச் சாக்கு அளவுக்குக் கிடந்தது. சாக்கு எதுவும் இல்லை. குடல் மட்டும், கொழகொழவென்று, பதினோரு பேருடைய சூட்கேஸ்களின் மேல் பரவியிருந்தது. டிரைவர் மூடியைத் திறந்தான், மூடினான், மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி திறந்தான். ஒரு செவுள் இன்னும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.

யாருக்கு இது நேர்ந்திருக்கக் கூடாதோ அவனுக்குத்தான் நேர்ந்தது. நாற்பத்தாறு வயதான அந்த டிரைவருக்கு சோப்பு என்று பட்டப்பெயர். வேனை ஒரு நாளைக்கு மூன்று தடவை கழுவுவான், சீட்டின் தையலிடுக்கைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பான், அடுத்தவர் வீட்டுக் கதவைக் கைக்குட்டையால் பிடித்துத்தான் திறப்பான். சலவைக்கடை வைத்திருந்த அவன் மனைவி, "என்னையே ரெண்டு தடவை அலசிட்டுத்தான் கட்டிக்கிட்டாரு" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். அப்படிப்பட்டவன் வாளியின் மூடியால் குடலை வழித்து வழித்துக் குழியில் கொட்டினான். வண்டியைக் கழுவி முடித்து சூட்கேஸ்களைப் பார்த்தால் ஒன்றிலும் கறை இல்லை, வாடை இல்லை. வேனில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள். அவர்கள் தங்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, கலங்கரை விளக்கம் எவ்வளவு அழகு, நீலக் கதவுத் தெரு எவ்வளவு அழகு என்று பேசியபடியே விடுதிக்குள் போனார்கள். நாற்றம் அவனுக்கு மட்டும்தான்.

இரண்டாவது ஊரில் பீரங்கிகள் வைத்த கோட்டை இருந்தது. அங்கிருந்து கிளம்பும்போது டிக்கியில் கோட்டை அகழியின் கறுப்புச் சேறு, முடிக்கற்றைகளும் ஊறிப்போன குழந்தை டயப்பர் ஒன்றுமாகக் கிடந்தது. மூன்றாவது ஊரில் செத்த நாய். அந்த நாயை அவன் காலையிலேயே கல் பாலத்தடியில் பார்த்திருந்தான். வயிறு ஊதி, ஒரு காது கிழிந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. கூட்டத்தில் வந்திருந்த பல் டாக்டரின் மனைவி "ஐயோ" என்று முகத்தைத் திருப்ப, அத்தனை பேரும் பாலத்தின் வளைவைப் பார்த்தார்கள், அவனும் பார்த்தான். மத்தியானம் அதே கிழிந்த காதுடன் அது டிக்கியில் படுத்திருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பார்க்கப் பிடிக்காமல் எதை விட்டுவிட்டு வருகிறார்களோ அது பின்னாலேயே வண்டியேறி விடுகிறது. மணலில் குழி தோண்டி நாயைப் புதைத்துவிட்டு முதலாளிக்கு போன் போட்டான். முதலாளி முழுவதையும் கேட்டுவிட்டு, "மைலேஜ் ஏதாவது குறையுதா?" என்றார். இல்லை என்றான். "அப்புறம் என்ன? ஓட்டு" என்று வைத்துவிட்டார்.

நான்காவது ஊரின் பெருமை அதன் மணிக்கூண்டு. முந்நூறு வருடத்துக் கல், தேன் நிறத்தில் புதிதாகப் பூச்சு அடித்திருந்தார்கள். அதன் படியில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு துணி சுற்றியிருந்தது. துணியின் நிறம் என்ன என்று சொல்ல முடியாது, ஈரமாக இருந்தது. கூட்டத்துக்குத் தலைமை ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஏழு ஊர்ப் படங்களும் போட்ட கையேட்டை அவர் கையைவிட்டு இறக்கியதே இல்லை. "அந்தம்மா போட்டோவுல விழாம எடுங்க" என்று அவர் சொல்ல, எல்லாரும் படியில் ஒரு வளைவு வளைந்து ஏறினார்கள். சோப்பு வண்டிக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டான். திரும்பிய அந்தக் கணமே அடுத்து என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

டிக்கியைத் திறந்தபோது அவள் ஸ்டெப்னி டயரின் மேல் உட்கார்ந்திருந்தாள். "காத்தே வரல இங்க" என்றாள், பஸ்ஸில் இடம் கிடைக்காதவள் மாதிரி. சாலையோரம் நிழல் பார்த்து இறக்கிவிட்டு, தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது விரல் படாமல் பார்த்துக்கொண்டான். ஐந்தாவது ஊரில் வண்டியை நிறுத்தித் திறந்தால், பாட்டிலும் கையுமாக அதே டயரின் மேல் இருந்தாள்.

"ஏம்மா திரும்பத் திரும்ப ஏறுற?"

"நானா ஏறினேன்? நீங்கதான் ஏத்திக்கிட்டு வர்றீங்க." அவள் பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள். "அந்த டீச்சரம்மா கையில ஒரு புத்தகம் இருக்குல்ல, அதுல எங்க ஊருப் பக்கத்தைப் பாரு. ஒருத்தி வலை பின்னிக்கிட்டு இருப்பா. நான்தான். மூஞ்சியில வெயில் விழற மாதிரி உக்காரச் சொன்னாங்க."

தலைமையாசிரியை கூட்டத்தோடு அருங்காட்சியகத்துக்குள் போனபோது அன்றைக்கு மட்டும் கையேட்டை சீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். சோப்பு புரட்டிப் பார்த்தான். முப்பது வயதுக்காரி ஒருத்தி, பின்னால் மணிக்கூண்டு, மடியில் வலை. வலது சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. டிக்கிக்கு வந்து பாட்டிலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். அதே கோணல்.

அதற்குப் பிறகு அவன் செய்ததை அவனாலேயே விளக்க முடிந்ததில்லை. பரிதாபம் இல்லை, குமட்டல்தான் இருந்தது. கிழவியின் மேல் கொஞ்சம், தேன் நிறப் பூச்சின் மேல் நிறைய, பாட்டிலைக் கொடுத்தபோது ஒதுங்கிய தன் விரல்களின் மேல் எல்லாவற்றையும் விட அதிகம். வண்டி நிறுத்துமிடத்துக் குழாயடிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனான். துணியை நனைத்து நனைத்து உரித்தான். உள்ளே, வெந்த சோற்றுப் பருக்கைகள் போல, புழுக்கள் நெளிந்தன. எழுந்து போய் வாந்தி எடுத்தான். வந்து உட்கார்ந்து சோப்பு போட்டுக் கழுவினான், மறுபடி போய் வாந்தி எடுத்தான். "நீ வாந்தியெடுக்கிறதுக்குள்ள எனக்கு ஆறிப்போயிடும்" என்றாள் அவள். தன்னுடைய உலர்ந்த துண்டைச் சுற்றிக் கட்டி, வெயில் தாழும்வரை இருக்கட்டும் என்று அவளை டிக்கியிலேயே உட்கார வைத்து, மூடியைப் பாதி சாத்தினான்.

அப்போது கூட்டம் ஐஸ்கிரீமோடு வெளியே வந்தது. அவன் சட்டை முழுக்கச் சீழும் வாந்தியும். தலைமையாசிரியை, "என்ன டிரைவர் இது, தள்ளி நில்லுங்க!" என்று மூக்கைப் பொத்தினார். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பினார்கள். அவ்வளவுதான், சோப்பு டிக்கிக்குள் இருந்தான். முழங்கால் மோவாயில் முட்ட, மூடி முழுக்க மூடியிருக்க, இருட்டில்.

"வா" என்றாள் கிழவி. "அந்தப் பெட்டியக் கொஞ்சம் நகர்த்திக்க, இடம் இருக்கு."

நாற்பது நிமிடம் அவன் உள்ளே இருந்தான். மூன்று நாள் அள்ளிக்கொட்டிய எல்லாவற்றின் வாடையும் அங்கே அப்படியே இருந்தது. எத்தனை கழுவியும் போகாததை இப்போதுதான் உட்கார்ந்து மூச்சிழுத்தான். மூடியைத் தட்டினான், கத்தினான். ஒரு சாண் தள்ளி, சீட்டில் இருந்தவர்கள், "டிரைவர் எங்க போய்த் தொலைஞ்சாரு?" "இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் யாரு வேலைக்கு வைக்கிறது?" என்று பேசியது தெளிவாகக் கேட்டது. அவன் தட்டியது அவர்களுக்குக் கேட்கவில்லை. "தொண்டை போகும், சும்மா இரு" என்றாள் கிழவி. "மூணு மாசமா அந்தப் படியில உக்காந்து நான் கூப்பிடாததா?"

கடைசியில் பல் டாக்டர் தன் மனைவியின் தலைவலி மாத்திரைக்காகப் பெட்டியை எடுக்க வந்தார். திறந்தார். முகம் ஒருமுறை சுருங்கியது. ஆனால் அந்த மனிதர் முப்பது வருடம் அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துப் பிழைத்தவர், கண் திரும்பவில்லை. முதலில் டிரைவரைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். சொத்தைப் பல்லைக் கேட்கிற அதே குரலில், "எத்தனை நாளா இப்படி?" என்றார். அவர் பார்க்கப் பார்க்க சோப்புக்கு மடங்கிப்போன கைகால் நிமிர்ந்தது, இறங்கி நின்றான்.

"நான் பல் டாக்டர்தான்" என்றார் அவர், பெட்டியிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டே. "ஆனா இன்னைக்கே பாக்கலேன்னா கால் இல்ல, ஆளே போயிடும்."

கிழவியை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். இப்போது நாற்றம் எல்லாருக்கும் அடித்தது. "இன்னும் ரெண்டு ஊர் பாக்கி இருக்கு, இதுக்கா நாங்க கிளம்பி வந்தோம்?" என்று தலைமையாசிரியை கேட்டார். சோப்பு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "வர்றவங்க வரலாம், இறங்குறவங்க இறங்கலாம்" என்றான். பத்துப் பேர் இறங்கினார்கள். பல் டாக்டரின் மனைவியும் இறங்கி, புருஷனுடைய தோள்பையை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே எறிந்தாள்.

ஆறாவது ஊரின் பழைய துறைமுகத்தைப் பார்க்காமலேயே தாண்டி, அதன் பின்புறமிருந்த அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். கால் முழங்காலுக்குக் கீழே போனது, ஆள் பிழைத்தாள். மருத்துவமனைக்கு எதிரே ஓர் அறையில் ஒன்பது வருடம் இருந்தாள், பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னி விற்றாள், ஒருநாளும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. பல் டாக்டரின் வீட்டில் அவருக்கு ஒரு வருடம் தனித் தட்டு வைத்தார்கள். தலைமையாசிரியை நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதினார். அதில் ஒன்றரைப் பக்கம் கலங்கரை விளக்கத்தைப் பற்றிய வர்ணனை. முதலாளி ஆள் கிடைக்காமல் சோப்பையே வைத்துக்கொண்டார். அவனுக்கு அருவருப்பு கடைசிவரை போகவில்லை. டிக்கியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் குமட்டியது, குமட்டிக்கொண்டே அள்ளினான். ஆட்கள் வந்தால் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டான். இருபது வருடத்தில் நாற்பத்தொரு பேர் அப்படி வந்தார்கள். சிலர் பிழைத்தார்கள்.

இப்போது அந்தச் சாலையில் பதினெட்டு வேன்கள் ஓடுகின்றன, எல்லா டிக்கியிலும் இப்படித்தான். சாமான்களுக்கென்று கூரையில் கம்பி கட்டிவிட்டார்கள், டிரைவர்கள் மண்வெட்டியும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்தே வாங்குகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை வண்டித் தகுதி பார்க்க வரும் ஆய்வாளர், டயர், பிரேக், விளக்கு, ஹாரன் என்று வரிசையாகச் சோதித்துவிட்டு, டிக்கி என்ற இடத்துக்கு வந்ததும் அதைத் திறக்காமல், வேறு பக்கம் பார்த்தபடி 'வழக்கம்போல்' என்று எழுதி முத்திரை குத்துவார். பிறகு தன் ஜீப்பில் ஏறிப் போவார். ஜீப்பின் பின்னால் ஈக்கள் ஒரு கூட்டமாகப் போகும்.