கமா ரெண்டு தடவை

நாலாவது திருகாணி அசையவே இல்லை. கஜபதி தரையில் மண்டியிட்டு, சக்கர நாற்காலியின் கைப்பிடிக்கு அடியில் கையை விட்டு, அலன் கீயை இன்னொரு முறை அழுத்தித் திருகினார். கீபோர்டைத் தாங்கியிருந்த அலுமினியத் தகடு கழன்றால்தான் மகன் எழிலைத் தூக்க முடியும். அவன் மார்புக்குக் குறுக்கே இருந்தது தகடு. தெருமுனை டாக்டர் வந்து பார்த்து, உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. தூக்குவதற்காக வந்த நாலு பேர் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

"அத்த அறுத்துப் போடுண்ணா" என்றாள் ராணி. பூந்தமல்லியிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடி வந்த தங்கை. "எம்மா நேரம் புள்ள இப்டியே உக்காந்துகினு இருக்கும்?"

"அறுத்தா தகடு வளஞ்சிரும்மா."

சொன்ன பிறகுதான் வளைந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் அறுக்கவில்லை. மூக்கிலிருந்து வியர்வை சொட்ட இன்னும் மூன்று முறை திருகியதும் திருகாணி கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது.

எழிலுக்கு இருபத்தொன்பது வயது. பிறவியிலேயே தசையில் கோளாறு. பதினோரு வயதில் கால்கள் நின்றன. கல்லூரி முடிக்கும்போது தோள் தூக்க வரவில்லை. அப்புறம் விரல்கள், ஒவ்வொன்றாக. ஆனால் வேலை கிடைத்துவிட்டது. பாரிவாக்கத்து வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தபடியே ஏழு வருஷம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதினான். தாய் ஞானம்மாள் போன பிறகு வீட்டில் இருவர்தான். கஜபதி அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய வேலையை விட்டுவிட்டு மகனோடு இருந்தார்; மூன்று வேளையும் சோறு ஊட்டுவதும் அவர்தான்.

புரோகிராம் எழுத அவன் வைத்திருந்த எடிட்டரில் மவுஸுக்கு வேலையே இல்லை. எல்லாமே கீபோர்டில்தான். எந்தக் கீயைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒரு ஃபைலில் நாமே எழுதி வைத்துக்கொள்ளலாம். எழில் அந்த ஃபைலைத்தான் எந்நேரமும் திருத்திக்கொண்டிருப்பான். மூலையில் இருக்கும் எஸ்கேப் கீ எட்டாமல் போனதும் அதற்குப் பதிலாக ஜே, கே என்று வைத்தான். ஒரே நேரத்தில் இரண்டு கீயை அமுக்க முடியாமல் போனதும் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும்படி மாற்றினான். இரண்டு எழுத்து அடித்தால் ஒரு முழு வரி வந்து விழும்படி செய்தான்.

கடைசி ஒரு வருஷமாகக் காலை வேளைகளில் விரல் விறைத்துக் கிடக்கும். வெயில் ஏறும்வரை அவன் சொல்லச் சொல்லக் கஜபதி தட்டுவார். "ஜே, கே. இப்போ ஸ்பேஸ். டபிள்யூ. அதில்ல நைனா, பக்கத்துல." அப்பனுக்கும் மகனுக்கும் நடுவே ஒரு நாளில் நடந்த பேச்சு அதிகமும் இதுதான். தட்டுவது என்னவென்று அவருக்குப் புரியாது. ஆனால் தப்பாகத் தட்டினால் அவன் முகத்தில் தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் அவருக்குப் புரிந்திருந்தது. ஆறு மாதம் முன்பு ஒரு காலையில் எழில் எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவரே அடித்த வரி அது. கமாவை ரெண்டு தடவை தட்டினால் லேப்டாப்பில் மணி அடிக்கும். "கூப்புட்டா சத்தம் வெளிய வர்ல நைனா. இத்த வெச்சிக்கலாம்" என்றான். அன்றிலிருந்து முதுகு வலித்தாலும் சளி அடைத்தாலும் மணிதான்.

இன்று காலையும் மணி அடித்தது.

அப்போது அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்தார். மோட்டார் ஓடி முடிந்து, தொட்டி நிரம்பி, சுவிட்சை அணைத்த பிறகுதான் மணி காதில் விழுந்தது. "வர்றேண்டா" என்று குரல் கொடுத்தார். தண்ணீர்க் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். காலைக் கழுவிக்கொண்டார். உள்ளே வந்தபோது எழிலின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விரல் கீபோர்டின் மேலேயே இருந்தது.

இதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. ராணியிடமும் சொல்லவில்லை.

பத்து மணிக்கெல்லாம் கண்ணாடிப் பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. ஊர் சனம் வந்தது, மாலை போட்டது, வாசலில் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தது. "நைனாவ வுட்டு ஒரு நாளும் இருந்ததில்லியே" என்று ராணி பெட்டியில் தலை சாய்த்து அழுதாள். வந்தவர்களில் பாதிப் பேர் எழிலைக் கடைசியாகப் பார்த்தது அவன் நடந்துகொண்டிருந்த காலத்தில். கஜபதி கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

பதினொன்றரைக்கு முதுகுப் பையோடு ஒருவன் வந்தான். ஹெல்மெட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அங்கிள், நான் முகமது ஆசிக். எழிலோட டீம். காட்டுப்பாக்கத்துல மெட்ரோ வேலைன்னு சுத்தி விட்டுட்டாங்க, அதான் லேட்டு."

குரல் பழகிய குரல். மூன்று வருஷமாகத் தினமும் காலையில் ஸ்பீக்கரில் கேட்ட குரல். முகத்தை இப்போதுதான் பார்க்கிறார். ஆசிக்கும் எழிலைக் கண்ணாடிக்கு மேலிருந்துதான் முதன்முதலாகப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

கஜபதி அவன் தோளைத் தொட்டார். "தம்பி, கொஞ்சம் உள்ள வர்றியா?"

சமையலறை மேடையில் தகட்டோடு கழற்றி வைத்த கீபோர்டும் லேப்டாப்பும் இருந்தன. கஜபதி நின்றபடியே திரையைத் திறந்து, பாஸ்வேர்டை அடித்து, அந்த ஃபைலையும் திறந்தார். ஆசிக் வியப்போடு அவர் விரல்களைப் பார்த்தான்.

"இது அவன் ஃபைலு. இதுல ஒன்னு கேக்கணும்."

வரிகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார். ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு சொல்லை அவரால் கூட்டிப் படிக்க முடிந்தது.

"இன்னா தம்பி, நைனான்னு போட்டுகிறான்?"

ஆசிக் குனிந்து பார்த்தான். "முன்னாடி கோட்டேஷன் குறி இருக்குல்ல அங்கிள், இந்த வரியெல்லாம் மெஷின் படிக்காது. எதுக்காக மாத்துனோம்னு நமக்கு நாமே எழுதி வைக்கிறது."

"இன்னா எழுதிகிறான்?"

ஆசிக் தமிழில் மெதுவாகச் சொன்னான். "ஜூன் இருபத்திரெண்டு. இடது சுண்டு விரல் போச்சு. எஸ்கேப் இனிமே ஜே கே." கீழே போனான். "ஆகஸ்ட் மூணு. மோதிர விரலும். நைனாகிட்ட குளிர்ல மரத்துப் போச்சுன்னு சொல்லியிருக்கேன்."

ஆகஸ்டில் என்ன குளிர் என்று அன்றைக்கே கஜபதி நினைத்தார். கேட்கவில்லை.

"இது போன வருஷம். கோலன் அடிக்க நைனா ஷிஃப்டைத் தேடறார். கையை எடுத்து மறுபடியும் தேடறார். செமிகோலன் தட்டினாலே கோலன் வர்ற மாதிரி மாத்தியாச்சு. அவருக்குத் தெரிய வேணாம்."

சில நாளிலேயே தனக்கு வேகம் வந்துவிட்டது என்று கஜபதி நினைத்திருந்தார். "பாத்தியாடா, கத்துகினேன்" என்று பெருமையாகக்கூடச் சொன்னார். "செம ஸ்பீடு நைனா" என்றான் எழில். அவர் வேட்டியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கூடத்தில் யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும். அழுகை ஒருமுறை ஓங்கித் தணிந்தது.

"வேற என்னமோ கேக்கணும்னீங்களே அங்கிள்."

கஜபதி இன்னும் கீழே போய் ஒரு வரியில் நிறுத்தினார்.

"இது மணி. கமாவ ரெண்டு தடவ தட்டுனா அடிக்கும். காலைல அடிச்சான். நான் கேட்டது ஒரு தடவ." அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "அதுக்கு மின்ன மோட்டார் ஓடிகினு இருந்துச்சு தம்பி. பத்து நிமிசம். அந்த சத்தத்துல ஒன்னும் கேக்காது. அப்பவும் அடிச்சானா, எத்தினி தடவ அடிச்சான்னு இதுல தெரியுமா?"

ஆசிக் ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து எதையோ தட்டினான். திரை மேலே போனது, கீழே வந்தது, மறுபடி அதே வரியில் நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவைதான் அங்கிள்."

"நல்லா பாத்தியா?"

"பார்த்தேன் அங்கிள். ஒரே ஒரு தடவைதான் அடிச்சிருக்கார்."

கஜபதியும் திரையைப் பார்த்தார். அவர் தன் விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்த வரி. அன்று எது எங்கே இருந்ததோ அது அங்கேயே இருந்தது. புதிதாக ஓர் எழுத்து இல்லை, ஓர் எண் இல்லை. ஆசிக் நிமிரவில்லை. அவன் காது மடல் சிவந்திருந்தது.

"சரிப்பா" என்றார் கஜபதி. "காலைல எதுனா சாப்ட்டியா நீ?" என்றார்.

"வீட்லயே சாப்ட்டேன் அங்கிள்."

அதுவும் பொய்யென்று தெரிந்தது. அவர் லேப்டாப்பை மூடினார்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பாடையைத் தூக்கிய நாலு பேரில் ஆசிக்கும் ஒருவன். எழில் கனமே இல்லை. மெயின் ரோட்டில் லாரிகள் வழிவிடவில்லை. சுடுகாட்டில் கஜபதி சொன்னதைச் சொன்னபடி செய்தார். திரும்பி வந்து குளித்து முடித்தபோது கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். நாற்காலிகளை ஏற்ற வண்டி வந்து போனது.

"எங்கூட வந்துருண்ணா" என்றாள் ராணி. "நாளிக்கி பாலுக்கு ஒன்னா வந்துக்கலாம்."

"நீ போ. நான் இங்கியே கீறேன்."

"தனியாவா?"

அவள் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வாங்கி வந்து தட்டில் போட்டு ரசம் ஊற்றினாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு உட்காரும்வரை நின்று பார்த்தாள். அப்புறம் வெளியில் ஆட்டோ காத்திருந்ததால் போனாள்.

சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாக ஈரத் தரையில் விழுந்திருந்தது. கஜபதி சோற்றைப் பிசைந்தார். விக்காமல் இறங்கும்படி ஒரு பருக்கை விடாமல் நசுக்கிப் பிசைந்தார். கட்டைவிரல் அளவுக்குச் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டித் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டே போனார். ஏழாவது உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே சுவர் இருந்தது. உருண்டையை மற்றவற்றின் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்ததை உருட்டத் தொடங்கினார்.