உயிரோடு ஒரு படம்

"உங்க வீட்டுல கிழிஞ்ச புடவை ஏதாச்சும் இருக்குதாம்மா?"

தேவநாதன் சார் கேட்டது இவ்வளவுதான். உப்பளத்துக் கரையில், கழுத்தில் கேமரா தொங்க நின்றுகொண்டு, பென்சில் இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டார். லீமாவுக்கு முகம் சுட்டது. அவள் வீட்டில் கிழியாத புடவையைத்தான் தேட வேண்டும். இருக்குது என்றால் மானம் போகும், இல்லை என்றால் பொய். தலையை மட்டும் ஆட்டினாள்.

"பின்ன என்ன, ஓடிப்போய் எடுத்தா. வெயில் ஏறிடப் போவுது."

பக்கத்தில் நின்ற ஜவுளிக்கடை வெங்கடாசலம் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏம்பா தேவநாதா, கடை முழுக்கப் புதுப்புடவை அடுக்கி வெச்சிருக்கறவன் நான் நிக்கறேன். என்னை வெச்சுக்கிட்டே கிழிசல் தேடுறியே, உனக்கே நல்லா இருக்குதா?"

"புதுப்புடவைக்குத் திண்டிவனத்துக்காரரு பிரைஸ் குடுக்க மாட்டாருய்யா."

திண்டிவனத்துக்காரர் என்றால் அங்கே ஸ்டூடியோ வைத்திருப்பவர். மரக்காணம் போட்டோ கிளப்பின் போட்டிகளுக்கெல்லாம் அவர்தான் நீதிபதி. கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஏழெட்டு ஆண்கள், அவர்களுக்கு நடுவே மூன்று கேமரா. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசகசாலையில் கூடுவார்கள். கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பால் படங்களை மாட்டி, ஒருவர் படத்தை ஒருவர் குறை சொல்லிவிட்டு டீ குடித்துக் கலைவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, மாதா திருவிழாவின்போது பெரிய போட்டி. அந்த வருஷத்துத் தலைப்பு 'உழைப்பு'.

உப்பு மண்டியில் கணக்கெழுதும் தேவநாதன்தான் கிளப்புக்குச் செயலாளர். ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புதுச்சேரியில் வாங்கிய மடக்குக் கேமரா அவருடையது. ஒரு ரோலுக்கு எட்டே படம். கேமராவின் முதுகில் ஒரு சிவப்புக் கண்ணாடிப் பொட்டு உண்டு. சாவியைத் திருகத் திருக, ஒன்று, இரண்டு என்று எண் அதில் வந்து நிற்கும். சாருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். அதனால் எண் பார்த்துச் சொல்வது லீமாவின் வேலை.

ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். லீமாவுக்கு உதடு அசையவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை, அப்புறமும் போகவில்லை. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பங்குச் சாமியார் அதைப் பார்த்துவிட்டு, படங்களுக்குக் கீழே வைக்கும் பெயரட்டைகளை எழுத அவளைக் கிளப்பில் சேர்த்துவிட்டார். அங்கே யாரும் அவளை வாசிக்கச் சொல்லவில்லை. எழுதச் சொன்னார்கள், எண் பார்க்கச் சொன்னார்கள், "லீமா இல்லாட்டி எனக்கு ஒண்ணும் ஓடாது" என்றார் தேவநாதன் சார். அந்த வார்த்தைக்காக அவள் எதுவும் செய்வாள்.

அன்று காலைப் பூசை முடிந்ததும் அடுத்த வீட்டு அந்தோணியம்மாளைப் படம் பிடிக்கக் கூட்டிவந்தவளும் அவள்தான். சுற்றுவட்டத்திலேயே தலையில் உப்புக் கூடையோடு எல்லோரையும்விட நேராக நடக்கிறவள் அந்தோணியம்மாள். படம் என்று கேட்டதும் அவள் ஈஸ்டருக்கு எடுத்த கத்திரிப்பூ நிறப் புடவையைக் கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, சங்கிலியில் தொங்கும் சிலுவை வெளியே தெரிய வந்து நின்றாள். அதைப் பார்த்துத்தான் தேவநாதன் தலையில் கைவைத்துக்கொண்டு, லீமாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கிழிசலக் கட்டணுமா?" அந்தோணியம்மாளுக்குப் புரியவில்லை. "நான் என்ன பிச்சையா எடுக்கறேன்? உப்பு வார்றேன்."

"வேலை செய்யற மாதிரி இருக்கணும்மா."

"சரி கட்டறேன். ஆனா மொதல்ல இதுல ஒண்ணு புடிங்க சார். எங்கம்மாவுக்கு உசுரோட ஒரு படம் கெடயாது. செத்தப்புறம் நாற்காலியில சாய்ச்சு ஒக்கார வெச்சுப் புடிச்சாங்க. கண்ணு தொறக்கலன்னு ஸ்டூடியோக்காரன் மையில வரைஞ்சு குடுத்தான். செவுத்துல அதான் மாட்டிருக்குது, கும்புடவே பயமா இருக்குது. எனக்கு அந்தக் கதி வேணாம். நான் உசுரோட ஒண்ணு எடுத்துக்கறேன்."

"கடைசியில எடுத்துக்கலாம். இப்ப வெளிச்சம் போயிடும்."

அந்தோணியம்மாள் லீமாவைத் திரும்பிப் பார்த்தாள். "எடுப்பாராடி?"

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத லீமா அப்போது திறந்தாள். "எடுப்பாரு அத்தை. நான் இருக்கறேன் இல்ல?"

ஓடிப்போய் அம்மாவின் புடவையை எடுத்து வந்தாள். கூடைக்கு அடியில் போடுவதற்கென்று ஒதுக்கிய புடவை அது, முழங்கை நீளத்துக்குக் கிழிசல். அந்தோணியம்மாள் உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். சார் அவள் தலைமயிரைக் கலைத்துவிடச் சொன்னார். லீமா கலைத்துவிட்டாள். கூடையோடு அம்பாரத்தில் ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார், மறுபடி ஏறச் சொன்னார்.

"சிரிக்காதீங்கம்மா. கீழ பாருங்க. இன்னும் சோகமா."

"இந்தக் கடைக்கார அண்ணன் மூஞ்சியத் திருப்பிக்கச் சொல்லுங்க, சிரிப்பு வராது," என்றாள் அந்தோணியம்மாள். வெங்கடாசலம் நல்ல பிள்ளையாகக் கடல் பக்கம் திரும்பி நின்றார்.

லீமா குனிந்து குனிந்து சிவப்புப் பொட்டைப் பார்த்து எண் சொன்னாள். "ஆறு சார். ஏழு. எட்டு சார், கடைசி." எட்டாவதும் முடிந்தது. சார் சாவியைத் திருகினார். பொட்டு இருட்டாகிவிட்டது.

அப்போதுதான் அந்தோணியம்மாள் அவசர அவசரமாகப் புடவை மாற்றி, குடிதண்ணீரில் முகம் கழுவி, ஈரச் சீப்பால் தலை வாரிக்கொண்டு வந்தாள். காவல் கொட்டகையிலிருந்து நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு, முழங்கால்மேல் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ம். புடிங்க."

தேவநாதன் லீமாவைப் பார்த்தார். லீமா அவரைப் பார்த்தாள். 'சார், ரோல் தீர்ந்துபோச்சு' என்பது உதடுவரைக்கும் வந்தது. வகுப்பில் வந்து நின்றதே, அதே இடத்தில் நின்றது. சார் கேமராவை உயர்த்தினார். அந்தோணியம்மாள் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள், இமைத்துவிடுவோமோ என்ற பயத்தில் மூச்சைக்கூட விடவில்லை. கிளிக் என்றது.

"நல்லா விழுந்துதாடி?"

"நல்லா இருக்குது அத்தை."

திரும்பி வரும் வழியில் தேவநாதன் சொன்னார்: "ரோல் கெடைக்கறதே குதிரைக்கொம்பா இருக்குது. பாவம், ஆசைப்பட்டாங்க. அடுத்த ரோல்ல ஒண்ணு எடுத்துக் குடுத்துடலாம்." அவர் கெட்டவர் இல்லை. சொன்னதை உப்பு மண்டிக்குள் நுழையும்போதே மறந்துவிடுகிறவர், அவ்வளவுதான்.

மறுநாள் அந்தோணியம்மாள் புடவையைத் திருப்பிக் கொடுத்தாள். துவைத்து மடித்து, அந்த நீளக் கிழிசலைப் பொடித் தையலாகத் தைத்துக் கொடுத்தாள். "சும்மா வாங்கிக் கட்டிக்கிட்டேனே, அதுக்குத்தான்." லீமாவின் அம்மா அதை வாங்கிப் பார்த்து, "என்னாலகூட இப்படித் தைக்க முடியாது" என்று மெச்சினாள். லீமா உள்ளே போய் அடுப்பை ஊதினாள்.

அதன்பிறகு தெருவில் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "வந்துடுச்சா?"

"கழுவப் போட்டிருக்குது அத்தை."

"இன்னாடி இது, படத்தக் கழுவறாங்களா சாணி போட்டு மெழுவறாங்களா?" என்று சிரிப்பாள். லீமாவும் சிரிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் வீட்டுக்குள் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினாள். மையால் கண் வரைந்த அம்மாவுக்குப் பக்கத்தில் புது ஆணி அடித்திருந்தது. லீமா அதற்கப்புறம் தெருவைச் சுற்றிக்கொண்டு கிணற்றுப் பக்கமாகப் போய்வரத் தொடங்கினாள்.

திருவிழா நெருங்கியது. பெயரட்டை எழுத லீமா வாசகசாலைக்குப் போனபோது, தேவநாதன் பெரிதாக்கி வந்த படத்தின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். 'சார், அந்தோணியம்மா அத்தைய ஒரு படம்...' மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"சார்."

"எழுதிக்கோ. 'கந்தலும் கடமையும்'. எப்படி இருக்குது பேரு?"

லீமா பேனாவை மையில் தோய்த்தாள். அந்த எழுத்து அன்று மற்ற நாளைவிட அழகாக வந்து தொலைத்தது.

அந்தப் படத்துக்கே முதல் பரிசு. பள்ளிக்கூட மண்டபத்தில் கயிற்றின் நடுவில், சிவப்பு ரிப்பன் குத்தி மாட்டினார்கள். பூசை முடிந்து ஜனம் மண்டபத்துக்குள் வந்தது. கூட்டத்தில் கத்திரிப்பூ நிறம் தெரிந்ததும் லீமா தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அந்தோணியம்மாள் தனியாக வரவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த பொம்மையார்பாளையத்துச் சம்பந்தியம்மாளையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள்.

"நாற்காலியில ஒக்காந்திருக்கறேன் பாருங்க, அது. இந்தப் புடவைதான்," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தாள். கட்டுமரம், வலை, மாட்டுவண்டி. நடுவில் வந்து நின்றாள்.

படத்தில் வெள்ளை அம்பாரம். அதில் ஏறுகிற ஒருத்தி. கிழிசல் வழியாகத் தொடை தெரிந்தது. கலைந்த மயிர் முகத்தை மூடியிருந்தது. கீழே பார்க்கச் சொன்னதால் கண் தெரியவேயில்லை.

"இது யாருங்க, நீங்களா?" என்றாள் சம்பந்தியம்மாள், குரலைத் தாழ்த்தி.

"இது சும்மா எடுத்தது. நல்லது வேற இருக்குது." அந்தோணியம்மாள் சுற்றிப் பார்த்தாள். தூணை ஒட்டி நின்ற பாவாடையைக் கண்டுகொண்டாள். "அடியே லீமா! அந்த நல்ல படம் எங்கடி மாட்டியிருக்குது?"

லீமா முன்னால் வந்தாள். இனி ஒளிய இடமில்லை.

"அது இல்ல அத்தை."

"இல்லன்னா? கெட்டுப்போச்சா?"

"அப்ப கேமராவுல ரோலே இல்ல அத்தை. தீர்ந்துபோச்சு."

"சார் தெரியாம எடுத்துட்டாரா?"

"தெரியும்."

"உனக்கு?"

லீமா தரையைப் பார்த்தாள். "தெரியும் அத்தை."

அந்தோணியம்மாள் படத்துக்குக் கீழே இருந்த அட்டையை விரலால் காட்டினாள். "இதுல இன்னா எழுதியிருக்குது?"

வகுப்பில் வராத குரல் இப்போது வந்தது. லீமா வாசித்தாள். "கந்தலும் கடமையும்."

"உன் எழுத்தா?"

"ம்."

அதற்குள் தேவநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "அடடே, வாங்கம்மா வாங்க! உங்களாலதான் ஃபர்ஸ்ட் பிரைஸு! அன்னைக்கு ஒண்ணு பாக்கி நின்னுபோச்சு இல்ல? இப்ப புடிச்சிடலாம். அப்படியே படத்துக்குப் பக்கத்துல நில்லுங்க, ஜன்னல் வெளிச்சம் நல்லா விழுது. லீமா, நம்பர் பாரு."

லீமா குனிந்தாள். சிவப்புப் பொட்டில் எண் பளிச்சென்று நின்றது.

"மூணு சார்." நிமிர்ந்து அந்தோணியம்மாளைப் பார்த்தாள். "ரோல் இருக்குது அத்தை. நெசமா இருக்குது. நில்லு அத்தை. நல்லா விழும்."

அன்றைக்கு 'நல்லா இருக்குது' என்று சொன்ன அதே குரல். அது லீமாவின் காதிலேயே விழுந்தது.

அந்தோணியம்மாள் கேமராவைப் பார்க்கவில்லை. லீமாவின் முகத்தைத்தான் பார்த்தாள், அன்று நாற்காலியில் இருந்தபோது திறந்து வைத்திருந்தாளே, அதே கண்ணால். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சம்பந்தியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டு, படியிறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.