முழங்கால் சமாச்சாரம்

மூன்று மாதத்தில் இரண்டு ரகசியங்கள் பத்திரிகைக்குப் போய்விட்டன. முதலில், மேடம் யாருக்கும் தெரியாமல் பார்த்துவைத்த கடலோர வீடு. பிறகு, அவர் சத்தமில்லாமல் விலகிக்கொண்ட படம். "யாரோட வாய் இதுன்னு கண்டுபிடி. இல்லேன்னா வீட்டுல இருக்கற எல்லாரையும் மாத்திடுவேன்" என்றார் மேடம். நடிகைக்குக் கோபம் வந்தால் வசனம் எழுதிக்கொடுக்க ஆள் தேவையில்லை. எல்லோரும் என்றால் தானும்தான் என்பது, பதினொரு வருடமாக அவருக்கு உதவியாளராக இருந்தவளுக்கு உறைக்கவே இல்லை.

மேடம் தும்முவதற்கு முன்பே கைக்குட்டையோடு நிற்பவள் என்று மேக்கப்மேன் அவளைக் கிண்டல் செய்வார். அவளுக்கு அதில் பெருமைதான். செருப்பு அளவு, கண்ணாடிப் பவர், எந்தத் தயாரிப்பாளரின் போனை எடுக்கக்கூடாது, எல்லாம் அவளுக்கு விரல் நுனியில்.

அவளுடைய சந்தேகம் நேராக டிரைவர் மேல் போய் உட்கார்ந்தது.

"யார்கிட்டப்பா இவ்வளவு நேரம் பேசின?"

"என் பொண்டாட்டிகிட்டக்கா."

"பொண்டாட்டிகிட்ட யாராவது இருபது நிமிஷம் சிரிச்சுப் பேசுவாங்களா?"

"கல்யாணமாகி நாலு மாசம்தானேக்கா ஆகுது."

அவள் நம்பவில்லை. மேக்கப்மேன் பெட்டியை மூடும் வேகமும் சரியாகப்படவில்லை. சமையல்காரம்மா கதவோரம் நின்றால்கூட ஒட்டுக்கேட்பதாகத் தோன்றியது.

திங்கட்கிழமை மேடம் கதவைச் சாத்திவிட்டு, "வியாழக்கிழமை எனக்கு முழங்கால்ல ஆபரேஷன். உன்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். இத்தனை பேரை விட்டுவிட்டுத் தன்னிடம் சொல்கிறாரே! அன்று வீட்டில் கணவன், "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்று துருவித் துருவிக் கேட்டும் தலைவலி என்று சமாளித்துவிட்டாள்.

புதன்கிழமை காலைப் பத்திரிகையில் முழங்கால் செய்தி கொட்டை எழுத்தில் வந்திருந்தது. பத்திரிகையோடு மாடிக்கு ஓடினாள்.

"டிரைவர்தான் மேடம்! நீங்க சொன்னப்போ ஜன்னலுக்குக் கீழதான் வண்டி துடைச்சிட்டு இருந்தான்."

மேடம் நிதானமாகக் காப்பியைக் கீழே வைத்தார். "டிரைவர்கிட்ட கண்ணுல ஆபரேஷன்னு சொன்னேன். மேக்கப்மேன்கிட்ட வயித்துல. சமையல்காரம்மாகிட்ட முதுகுல. முழங்கால்னு உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நிஜத்துல எனக்கு ஒரு ஆபரேஷனும் கிடையாது."

"சத்தியமா நான் யார்கிட்டயும் வாயே திறக்கல மேடம்!" என்றவள், சட்டென்று நின்றாள்.

முழங்கால் என்ற சொல் வாயிலிருந்து வராதது உண்மைதான். ஆனால் திங்கட்கிழமை மதியமே நடனப் பயிற்சியை ஆறு வாரம் தள்ளிவைத்திருந்தாள். மருத்துவச் சாமான் கடைக்குப் போன் செய்து பிடித்து நடக்க வாக்கர் ஒன்று, குளியலறைக்கு வழுக்காத நாற்காலி ஒன்று சொல்லி, ஊருக்கே தெரிந்த இந்த வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தாள். கடலோர வீட்டுக்கும் அப்படித்தான், பத்திரம் முடியும் முன்பே ஜன்னல் திரைக்கு அளவெடுக்க ஆளை அனுப்பியிருந்தாள். விலகிய படத்தின் தேதிகளை மறுநாளே ஒரு விளம்பரக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்ததும் அவள்தான். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடிப்பாவி! சொல்லாததையெல்லாம் செஞ்சு ஊரைக் கூட்டியிருக்கியே. சரி விடு, உன் வேலை எங்கயும் போகாது."

வேலை பிழைத்தது. ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. "எனக்குன்னும் ஒரு பொய் யோசிச்சீங்களா மேடம்?"

"எல்லாம் தெரிஞ்சவ நீதானே? முதல் சந்தேகமே உன்மேலதான் வந்துச்சு. மத்த மூணு பேரும் சும்மா ஒப்புக்கு." மேடம் இதை இயல்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த வேலைக்கும் போய்விட்டார். "நாளைக்கு ஒன்பது மணிக்குப் பல் டாக்டர். எழுதிக்கோ."

அவள் பேனாவைத் திறந்தாள், ஆனால் எழுதவில்லை.

"இது நிஜமா மேடம்?"

மேடத்தின் சிரிப்பு நின்றது. "நிஜம்தான்" என்றார், குரல் இறங்கி.

அவள் எழுதிக்கொண்டாள். நம்பத்தான் முடியவில்லை.