சந்தனம் பட்ட தகடு

1988ஆம் ஆண்டு அக்டோபர் 24, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். அரியலூரில் மேகம் மூடியிருந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய தூசி எழுந்த இடத்திலேயே நின்றது. அந்த நேரத்தில்தான் மலர்க்கொடி எங்கள் நில அலுவலகத்துக்குள் வந்து, தன் பணி ஆணை தயாராகிவிட்டதா என்று கேட்டார்.

தயாராகவில்லை. ஏன் ஆகவில்லை என்று சொல்வதற்கு எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

நான் ஒரு தனியார் சிமெண்ட் ஆலையின் நில அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். செந்துறைப் பக்கத்தில் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. குடும்பத்துக்கு ஒருவருக்கு வேலை என்பது ஒப்பந்தம். வரிசையில் முதல் நாற்பது பேருக்கு அவ்வாண்டே வேலை. மலர்க்கொடி முப்பத்தெட்டாவது. அவருடைய தந்தை செல்லமுத்து இருபத்தைந்து ஆண்டுகள் பிறர் வயலில் கூலிக்கு உழைத்து வாங்கிய ஒன்றரை ஏக்கரை ஆலைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு ஈடாக மகளுக்கு எடைமேடையில் எழுத்தர் வேலை. ஆணையில் கையெழுத்தாகும் நாளில் வயது இருபத்தெட்டு நிறைந்திருக்கக் கூடாது என்பது விதி. மலர்க்கொடிக்கு நவம்பர் முதல் நாள் இருபத்தெட்டு நிறைகிறது. ஆக, இருந்தது எட்டு நாள்.

பட்டியல் கணிப்பொறியில் இருந்தது. இருந்தது என்று இறந்த காலத்தில் சொல்வதே சரி.

நடந்தது இதுதான். பட்டியலை அடித்து முடித்தது செப்டம்பர் இறுதியில். அதற்கு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று கணிப்பொறி விற்றவர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள். புதிய வேலையை நல்ல நாளில் தொடங்கலாம் என்று நான் விசயதசமி வரை தள்ளிப்போட்டேன். ஆயுத பூசையன்று கணிப்பொறிக்கு மாலை சாத்தி, பொரி, கடலை படைத்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்தோம். மறுநாள் நல்ல நேரத்தில் கணிப்பொறியை இயக்கும் நடராசன் நகலுக்கான புதிய பிளாப்பித் தகட்டைச் செருகி, அதைத் துடைத்துப் பதப்படுத்தும் கட்டளையை அடித்தார். எந்தத் தகட்டை என்று குறிக்கும் ஓர் எழுத்தை அடிக்கவில்லை. குறிக்காவிட்டால், அந்தக் கணிப்பொறி தன் வயிற்றிலிருக்கும் ஹார்டு டிஸ்க்கைத்தான் துடைக்கும். துடைப்பதற்கு முன் அது எச்சரித்து, சம்மதமா என்றும் கேட்டது; சம்மதமெனில் ஒய் என்ற எழுத்தை அடிக்க வேண்டும்.

“எப்பவும் அது கேட்டா ஒய்தானே சார் அடிப்போம்?” என்றார் நடராசன், பிற்பாடு.

பட்டியல் போயிற்று. அதைத் தாங்கிக்கொண்டிருந்த, கணிப்பொறியையே இயங்கவைக்கும் டாஸ் என்ற நிரலும் போயிற்று. டாஸ் இல்லாத கணிப்பொறி தட்டெழுத்துப் பலகை பொருத்திய தகரப் பெட்டி. அதை மறுபடி ஏற்றத் தனியே ஒரு பிளாப்பித் தகடு கொடுத்திருந்தார்கள். அதைச் செருகியபோது இயந்திரம் முனகியது, வேறொன்றும் செய்யவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தோம். தகட்டின் கறுப்பு உறையில் இயந்திரம் படிப்பதற்காக நீள்வட்டமாக ஒரு திறப்பு உண்டு. அதன் நடுவில் சந்தனம்; சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

வைத்தவன் நான். பூசைத் தட்டில் இருந்தவற்றுள் பொட்டு வைப்பதற்கென்றே அமைந்தது போன்ற இடம் அந்தத் தகட்டில்தான் இருந்தது. கோணாமல் வைத்தேன்.

இதில் என் பங்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மலர்க்கொடிக்கு விளக்கினேன். கையெழுத்துப் பதிவேடு அப்படியே இருக்கிறதே, அதைப் பார்த்து ஆணை கொடுக்கக் கூடாதா என்று கேட்டார். நான் வெள்ளிக்கிழமையே மேலாளர் ராசாங்கத்திடம் கேட்டுவிட்ட கேள்வி அது. இவ்வாண்டு முதல் கணிப்பொறியில் அச்சான பட்டியலே செல்லும் என்று சென்னைத் தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. ராசாங்கம் அந்தச் சுற்றறிக்கையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். நான் கேட்டபோது கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்.

மலர்க்கொடி சற்று நேரம் கணிப்பொறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையை இன்னும் எடுத்திருக்கவில்லை.

“அதுக்கு வயசு ஏறாதுங்க சார். எனக்கு ஏறுது” என்றார்.

திருச்சியில் கணிப்பொறி விற்றவர்களைத் தொலைபேசியில் பிடிக்க அன்று பிற்பகல் முழுவதும் ஆயிற்று. ஆளைத் தீபாவளிக்குப் பிறகு அனுப்புவதாகச் சொன்னார்கள். தீபாவளி நவம்பர் எட்டு. அதற்கு முன் வேண்டும் என்று நான் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

பெரம்பலூரில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தும் உத்திராபதி, எங்களுடையதைப் போன்ற கணிப்பொறி ஒன்றை அவ்வாண்டு வாங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போனேன். அவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, பொட்டு வைத்த கதையை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். அவரிடம் மறைக்கக் காரணமில்லை, சொன்னேன்.

“பூவும் சாத்தினீங்களா?”

“சாத்தினோம்.”

“அதான் வரம் கொடுத்துருச்சு. நாங்க பீரோவுக்கு மட்டும் பொட்டு வச்சுட்டு, கம்ப்யூட்டரை விட்டுட்டோம் சார்.”

சிரித்து முடித்ததும் தம் டாஸ் தகட்டிலிருந்து ஒரு நகல் எடுத்துக் கொடுத்தார். வளையாமல் இருக்க அதை இரண்டு அட்டைகளுக்கு இடையில் வைத்துக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். புதன்கிழமை காலை அதைச் செருகினோம். திரையில் ஒரு வரி வந்தது: இது டாஸைத் தொடங்கும் தகடு அன்று, வேறு தகடு இட்டு ஏதேனும் ஒரு விசையை அழுத்துக. நடராசன் எல்லா விசைகளையும் அழுத்திப் பார்த்தார். நான் தடுக்கவில்லை.

கையேட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து வரிவிடாமல் படித்தேன். மாலை நான்கு மணிக்கு விடை கிடைத்தது. டாஸ் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கோப்புகள் உண்டு. அவையே கணிப்பொறியை எழுப்புகின்றன. கோப்புகளைப் படியெடுத்தால் அவை வாரா. தகட்டையே முழுமையாகப் படியெடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை மறுபடி பெரம்பலூர். எல்லாவற்றையும்தானே படியெடுத்தேன் என்று உத்திராபதி வருத்தப்பட்டார். கையேட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, இரண்டு தகடுகளாகவே எடுத்துக் கொடுத்தார். திரும்பும் வழியில் பஸ் குன்னத்தில் பஞ்சராகி நாற்பது நிமிடம் நின்றது. வெயிலில் வைக்கக் கூடாதென்று தகடுகளைக் குடைக்குள் பிடித்திருந்தேன். நான் வெயிலில் நின்றேன்.

பிற்பகல் மூன்றரைக்குக் கணிப்பொறி எழுந்தது. இனி ஹார்டு டிஸ்க்கை முறைப்படி துடைத்து, அதில் டாஸை ஏற்ற வேண்டும். கட்டளையை இம்முறை எழுத்து விடாமல் அடித்தோம். திரையில் அதே எச்சரிக்கை வந்தது. அதே சம்மதத்தைக் கேட்டது. நடராசன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

“நீங்களே அடிங்க சார்.”

அடித்தேன்.

பட்டியல் நிரல் இருந்த தகடு பூசைக்கு வாராமல் என் இழுப்பறையில் கிடந்ததால் தப்பியிருந்தது. இனி நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் பதிவேட்டைப் பார்த்து அடிக்க வேண்டும். நடராசன் இரண்டு விரல்களால் அடிப்பவர். முதற்பட்டியலை முடிக்க அவருக்கு ஐந்து வாரம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மலர்க்கொடி வந்தார். தினமும் வந்துகொண்டுதான் இருந்தார். கேட்பதை மட்டும் நிறுத்தியிருந்தார். நடராசன் விசைகளைத் தேடுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தான் தட்டச்சு கீழ்நிலைத் தேர்வில் முதல் வகுப்பு என்று சொன்னார். நடராசன் என்னைப் பார்த்தார்.

வேலை கோருபவர் தாமே வரிசைப் பட்டியலை அடிப்பது முறையன்று. அடிக்காவிட்டால் பட்டியல் இல்லை. பட்டியல் இல்லையெனில் அவருக்கு வேலை இல்லை. இதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் வழி எழுதியிருக்கவில்லை. அவருடைய வரியை மட்டும் விட்டுவிட்டு அடிக்கும்படியும், அதை நான் அடிப்பதாகவும் சொன்னேன். நாற்காலியில் உட்கார்வதற்கு முன் அவர் கணிப்பொறியின் மேலிருந்த மாலையை எடுத்து, சன்னலுக்கு வெளியே போட்டார்.

நான் பெயர், ஊர், சர்வே எண் என்று வாசித்தேன், அவர் அடித்தார். பதினொன்றரைக்கு மின்சாரம் போயிற்று. அதோடு அறுபத்து மூன்று பெயர்கள் போயின. மின்சாரம் ஒரு மணி நேரம் கழித்து வந்தது.

“முதல்லேருந்தா?” என்றார்.

“முதல்லேருந்து.”

சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்போதுதான், திரும்பியிருந்த அவரிடம், தகட்டில் பொட்டு வைத்தவன் நான் என்பதைச் சொன்னேன்.

“எங்கப்பா நிலத்தையும் உங்க அளவுகாரங்க பொட்டு வச்ச கல்லு நட்டுத்தான் எடுத்தாங்க” என்று சொல்லிவிட்டு, முதல் பெயரை வாசிக்கச் சொன்னார்.

அதன்பின் இருபது பெயருக்கு ஒருமுறை சேமித்தோம். நாற்பது பெயருக்கு ஒருமுறை நகல் எடுத்தோம். நல்ல நேரம் பார்க்கவில்லை. சனி, ஞாயிறும் வேலை நடந்தது. முப்பத்தெட்டாவது வரியை நான் ஒரு விரலால் அடித்தேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

31ஆம் தேதி திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பட்டியல் அச்சாகி முடிந்தது. ஓரத்துத் துளைகளைக் கிழிக்காமல் கொண்டுபோய் ராசாங்கத்தின் மேசையில் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார். கணிப்பொறி ஒருமுறை அழித்துவிட்டதால், இதை நம்பலாமா என்று கேட்டார். நம்பலாம் என்றேன்.

“எதுக்கும் அந்தக் கையெழுத்து ரிஜிஸ்டரைக் கொண்டாங்க. ஒத்துப் பாத்துடுவோம்.”

கொண்டுவந்து வைத்தேன். அவர் அளவுகோலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, பதிவேட்டைப் பார்த்துப் பட்டியலைத் திருத்தப் புறப்பட்டார். திருத்த ஒன்றும் இருக்கவில்லை. இருந்தும் நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் பார்த்தார். நூற்றெட்டாவது வரியில் தேநீர் வந்தது. முந்நூறாவது வரியில் அவருக்குத் தொலைபேசி வந்தது. மலர்க்கொடி கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து சுவர்க் கடிகாரம் தெரியும்.

நான்கு மணி நாற்பது நிமிடத்துக்கு ராசாங்கம் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டார். பிறகு, தட்டச்சுப் பொறியில் நான் பத்து நாள் முன்பே அடித்து வைத்திருந்த ஆணைகளை எடுத்தேன். முப்பத்தெட்டாவதை மேலே வைத்தேன். பேனாவில் மை வரவில்லை. உதறினார், கண்ணாடிக்கு அடியிலிருந்த சுற்றறிக்கையின் மேலே கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. கையெழுத்திட்டு, நாள் எழுதினார். அந்தத் தேதியை நான் மறுபடி பார்த்தேன்.

வெளியே வந்து, மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொடாமல் பார்த்துவிட்டு, ஆணையை மலர்க்கொடியிடம் கொடுத்தேன்.